வடக்குவரிசையில் படர்ந்த அக்கி

"இழுக்காதிய, செவுரு வலிக்கு" என்று உலகம்மாள் போட்ட சத்தம், தெருவின் மறுகோடியில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த முப்பிடாதிக்குக் கேட்டது. கேட்டதும் கையிலிருந்த கத்திரி, இலையின் பாதியிலேயே நின்றது. அந்தக் குரல் தன் பக்கம் திரும்பிப் பேசிப் பல வருஷங்கள் ஆகியிருந்தாலும், குழாயடியிலும் கோயில் கொடையிலும் மற்றவர்களோடு பேசுகிற குரலாக அதை அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். இன்றைக்கு அது யாரோடும் பேசாமல் வெறும் நோவாக வந்ததால், தனக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. மிச்சப் பாதி இலையை வெட்டி முடித்தாள்.

அன்று காலையிலிருந்து உலகம்மாள் வழக்கம்போல வீட்டு முன்சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் மூங்கில் சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இடது விலாவில் அவளுக்கு அக்கி போட்டிருந்தது. முதுகுத்தண்டில் கிளம்பி விலாவைச் சுற்றி முன்பக்கம் வரப் பார்க்கிற கொப்புள வரிசை, ஒரு பக்கம் மட்டும், உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல். அந்த எரிச்சலுக்குச் சுவரின் குளிர்ச்சி இதமாக இருந்ததால் அசையாமல் சாய்ந்திருந்தவள், மத்தியானச் சோற்றுக்கு எழப் பார்த்தபோது எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் தோளைப் பிடித்துத் தூக்க, அவள் கத்த, ஒருத்தி இலை வெட்டுகிற கத்திரியால் ரவிக்கையின் முதுகுப்பக்கத்தை வெட்டிப் பார்த்தாள். கொப்புளங்களுக்கு நடுவிலிருந்து, பீடி கட்டுகிற நூலின் தடிமனில், சிவப்பும் நீலமுமாக ரத்தக்குழாய்கள் புறப்பட்டுத் தோலை விட்டு இறங்கிச் சுண்ணாம்புச் சுவருக்குள் வேர்விட்டிருந்தன. ஒரு முழத்துக்கு அந்தக் கொடி சுவரில் படர்ந்து, கணுவுக்குக் கணு தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்களை மொட்டு வைத்திருந்தது.

"பிடுங்குததுக்கு இது என்ன முருங்கைக் கம்பாட்டி?" என்று மற்றவர்களை விலக்கிவிட்டாள் கோமு. "மூச்ச விடு யக்கா. நல்லா விடு."

உலகம்மாள் மூச்சை விட்டாள். கொடி தானாகவே இளகி நீண்டது. எழுந்தாள், வீட்டுக்குள் போனாள், சோறு வடித்தாள், புருஷனுக்குப் போட்டுவிட்டுத் தானும் சாப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் கொடி, கன்றுக்குட்டிக்குக் கட்டிய கயிறுபோல வாசல்படி வழியாக உள்ளே போய்வந்தது. சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை மிதிக்காமல் காலைத் தூக்கிவைக்கப் பழகிவிட்டார்கள்.

கோமு குடியிருந்தது கிழக்குக்கோடியில், முப்பிடாதிக்கு அடுத்த வீட்டில். வந்ததும் வராததுமாக அவளிடம் சொன்னாள்: "தொட்டுப் பாத்தேன் யக்கா. சுடுது. கோழிக்குஞ்சக் கைக்குள்ள பிடிச்சா துடிக்கும்லா, அப்படித் துடிக்கு."

"எந்தப் பக்கமா போவுது?"

"கெழக்கதான். நம்ம பக்கமாத்தான்."

முப்பிடாதி வெட்டிய இலைகளை அடுக்கி ஈரத்துணியில் சுற்றினாள்.

அந்தத் தெருவில் வடக்குவரிசை வீடுகள் எல்லாம் ஒரே சுவராக, மேற்கே உலகம்மாள் வீட்டில் தொடங்கிக் கிழக்கே முப்பிடாதி வீட்டில் முடிந்தன. முப்பிடாதி வீட்டைத் தாண்டினால் ஒரு திருப்பம்; திரும்பினால் முடுக்கு; அந்த ஒடுங்கிய சந்து வீடுகளின் பின்சுவர்களை உரசியபடி மறுபடி மேற்கே போய் உலகம்மாள் வீட்டுப் புறவாசலில் முடியும். அக்கி சுவரோடு போயிற்று; சுவர் ஒரு வீட்டில் முடிந்து இன்னொரு வீட்டில் தொடங்குவதை அது பொருட்படுத்தவில்லை. தெற்குவரிசைக்கு ஒரு நாளும் அது தாவவில்லை. உடம்பில் எப்படி ஒரு பக்கத்தோடு நின்றதோ அப்படியே தெருவிலும் நின்றது.

கொடி எட்டிய வீட்டு நிலையில் வேப்பிலை செருகப்பட்டது. வேப்பிலை செருகிய வீட்டில் தாளிப்பது நின்றது, மீன் வாங்குவது நின்றது, தலைவாருவது நின்றது. யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது நின்றது. ஏனென்றால் அம்மை இருக்கிற வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு புறப்பட்டால் அவளும் கூடவே புறப்பட்டுவிடுவாள். வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்து, பேச்சின் நடுவில் எழுந்து, சும்மா போனார்கள். கொஞ்ச நாளில் வடக்குவரிசை முழுக்கக் கடுகு வெடிக்கிற சத்தம் இல்லாமல் போயிற்று. தெற்குவரிசைச் செல்லக்கனி வேண்டுமென்றே வாசலில் அடுப்பைப் போட்டு நெத்திலி பொரித்தாள். "ஆத்தா உங்க பக்கந்தான வந்திருக்கா, எங்களுக்கு என்ன வந்துச்சு" என்று அவள் சொல்ல, "ஆத்தா வந்தா தெருவுக்கே வந்த மாதிரிதான், மூதி" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போக, அந்தச் சண்டை மட்டும் தினமும் நல்லபடியாக நடந்தது.

பீடிக்கடைக்காரர் முதலில் வடக்குவரிசைப் பீடியை எடுக்கத் தயங்கினார். பிறகு, குடிக்கிறவனுக்கு எந்தச் சுவரில் சாய்ந்து சுற்றியது என்று தெரியவா போகிறது என்று எடுத்துக்கொண்டார். மின்சார மீட்டரை மாற்ற வந்த ஆள், கொடிக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு சாண் தள்ளி ஆணி அடித்துவிட்டுப் போனான். குழந்தைகள் சுவரில் காதை வைத்து உலகம்மாளின் இதயத்தைக் கேட்டார்கள். பெண்களுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை; சாய்ந்த முதுகிலேயே தெரிந்துவிடும். கொடி வேகமாக அடித்தால் உலகம்மாள் புருஷனோடு சண்டை போடுகிறாள், மெதுவானால் தூங்குகிறாள், சூடு கூடினால் மாத்திரை போடவில்லை. "ஏட்டி, உலகம்மக்கா இன்னும் சாப்பிடல போலுக்கே, யாராவது போய்க் கேளுங்க" என்று நாலு வீடு தள்ளியிருந்து ஒருத்தி சொல்வாள். போய்க் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரும் வந்து பார்த்தார். நிதானமான மனிதர். உலகம்மாளின் முதுகைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்தார். மாத்திரையை நேரம் தவறாமல் போடச் சொன்னார். கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்று வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொன்னார். பிறகு உலகம்மாளிடம், சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா என்று கேட்டார்.

"கல்யாணமான புதுசுல."

"அதுதான்மா இது. அன்னைக்கு எறங்கிட்டுன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. எறங்கல. நரம்போரமா படுத்துத் தூங்கிட்டே இருந்திருக்கு. இப்ப முழிச்சிருக்கு."

இதைக் கோமு வந்து சொன்னபோது முப்பிடாதி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருந்த இடத்தில் தோல் வழவழவென்று மூடியிருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். முப்பிடாதி மூத்தவனுக்கு, உலகம்மாள் இளையவனுக்கு. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரு சொளகில் இலையும் தூளும் வைத்து எதிரும் புதிருமாக உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். யார் முதலில் ஒரு கட்டை முடிப்பது என்று போட்டி நடக்கும், முப்பிடாதிதான் ஜெயிப்பாள், அவள் விரல் போகிற வேகத்தைப் பார்க்கவே கடைக்காரர் தன் ஆட்களை அனுப்புவார். உலகம்மாளுக்கு அம்மை போட்டபோது வீட்டில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, முப்பிடாதி பக்கத்திலேயே படுத்தாள். வேப்பங்கொத்தால் விசிறினாள். அரிக்கிறது என்று அழுதவளின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜா கதை, பேய்க் கதை, கடைக்காரர் கதை எல்லாம் சொன்னாள். உலகம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு முப்பிடாதிக்குப் போட்டது.

அவளுக்குப் போட்டது வேறு மாதிரி. முத்துகளில் நீருக்குப் பதில் ரத்தம் கட்டியது. கால்களில் கருநீலம் வலை பின்னியது. இடது கையின் இரண்டு விரல்கள் நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கி, வதங்கிய வெண்டைப்பிஞ்சுபோலச் சுருங்கின. உலகம்மாள் ஒரே ஒரு தடவை வாசலில் வந்து நின்றாள். விரல்களைப் பார்த்தாள். முப்பிடாதி தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. அம்மை வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், சொல்லாமல் போனாள் என்று யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முப்பிடாதியும் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற நாளில்தான் காரியம் கெட்டது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கி, அந்த வீட்டில் கடைசியாக அம்மை கண்டு தேறியவள் கையால்தான் முதல் செம்பு ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால்தான் அம்மை முழுசாக இறங்கினாள் என்று அர்த்தம். கடைசியாகத் தேறியவள் உலகம்மாள். அவளை அழைத்துவர உள்ளே ஆள் போயிற்று. முப்பிடாதி முற்றத்தில் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தாள். அண்டாவில் தண்ணீர் சுட்டது, வெயில் நகர்ந்தது, தண்ணீர் ஆறியது. தலைவலி என்று படுத்திருப்பதாக முதலில் சொன்னார்கள்; தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். கடைசியில் மாமியார்க்காரி அந்த ஆறின தண்ணீரையே எடுத்து ஊற்றினாள். பல் கிட்டிக்கொள்ளும் குளிர் இன்றைக்கும் முப்பிடாதியின் உச்சந்தலையில் இருந்தது.

உலகம்மாள் திரும்பி வந்தபோது சொத்து பாகம் பிரித்து ஆளுக்கொரு வீடாகியிருந்தது. இவள் கிழக்குக்கோடி, அவள் மேற்குக்கோடி. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அவள் வந்து பேசட்டும் என்று இவள் இருந்தாள். எந்த முகத்தோடு போய்ப் பேசுவது என்று அவள் இருந்திருக்கலாம். முப்பிடாதிக்குப் பீடி சுற்றுவது கைவிட்டுப் போயிற்று. மற்றவர்களுக்கு இலை வெட்டிக் கொடுக்கிறவளானாள். அவள் வெட்டிய இலைகள் கோமு வழியாகவோ இன்னொருத்தி வழியாகவோ உலகம்மாளின் சொளகுக்கும் போயிருக்கும். அதை இருவரும் அறிந்திருந்தார்கள். அப்படியே மயிர் நரைத்தது, மூத்தவன் செத்தான், அந்தச் சாவுக்கு வந்தபோதும் உலகம்மாள் கூட்டத்தோடு அழுது, கூட்டத்தோடு போனாள்.

இப்போது அவளுடைய ரத்தம் வீடு வீடாகச் சுவரில் ஏறி வந்துகொண்டிருந்தது.

அக்கி எழுதுவதற்குப் பட்டமுத்து வேளார் பக்கத்து ஊரிலிருந்து மொபெட்டில் வந்தார். பானை வனைகிற ஆள். அக்கிக்குச் சிங்கம் எழுதுவது அவர் குடும்பத்தில் வழிவழியாக உண்டு. காவிக்கல்லைத் தண்ணீர்விட்டு உரைத்து, கோழிச்சிறகில் தோய்த்து, உலகம்மாளின் முதுகில் எழுதிவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"உடம்புல எழுதிட்டேன். உடம்ப விட்டு வெளிய போனத நான் எங்க எழுத? அக்கிங்கது பாம்பு மாதிரி. வால விட்டுட்டுத் தலையப் பிடிக்கணும். தல இப்ப யாரு வீட்டுல?"

தலை அப்போது வரிசையின் நடுவில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் கையைக் கூப்பிவிட்டார். எழுதினால் அங்கேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் ஆத்தா தங்கிவிட்டால் மகளுக்கு எப்படிக் கல்யாணம் செய்வது? "போற ஆத்தா போவட்டும், நம்ம என்ன தடுக்கது" என்றார். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும். எல்லாருக்கும் உலகம்மாள் பிழைக்க வேண்டும். யாருக்கும் அது தன் சுவரில் நிற்க வேண்டாம். வேளார் வரும்போதெல்லாம் தலை ஒரு வீடு தள்ளியிருக்கும், அந்த வீட்டார் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். கோமுவும் காட்டினாள், பிற்பாடு அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் பேச்சு வேறு எதற்காவது தாவிவிடும்.

"அது எங்க யக்கா போவுது?" என்று கோமு ஒருநாள் உலகம்மாளிடமே கேட்டாள்.

"எனக்கென்னட்டி தெரியும்? அது என் கையா, சொன்னா கேக்க?" என்றாள் உலகம்மாள். மெலிந்திருந்தாள். பேசும்போதும் பீடி சுற்றிக்கொண்டேதான் இருந்தாள்.

கொடி கோமு வீட்டுச் சுவரின் கடைசி வரைக்கும் வந்து நின்றது. கோமு வீட்டுக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு; முப்பிடாதி வீட்டுக்கு வெறும் வெள்ளை. நீலம் முடிகிற இடத்தில் கொடியின் நுனி, ஒரு விரல்கூடத் தாண்டாமல், காலையிலிருந்து நின்றது. இதுவரை எந்தச் சுவரிலும் அது அப்படி நின்றதில்லை. நுனியில் ஒரே ஒரு கொப்புளம், மழைத்துளி தொங்குவதுபோல, உள்ளே வெளிச்சம் தெரிய இருந்தது.

மத்தியானம் தெரு ஓய்ந்திருந்த நேரத்தில் முப்பிடாதி தன் வாசலை விட்டு இறங்கி அதற்கு எதிரே நின்றாள். அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு வாசலில் வந்து நின்றவள் இன்றைக்கும் வாசலில் வந்து நிற்கிறாள். தொட்டால் போதும் என்று தோன்றியது; இரண்டு விரல் இல்லாத கையைத் தூக்கவும் செய்தாள். சூடு உள்ளங்கையில் வந்து பட்டது. அப்போது உச்சந்தலையில் அந்தப் பழைய தண்ணீர் குளிர்ந்தது. இன்னும் ஒரு சாண்தானே, அவளே வரட்டும் என்று நினைத்தாள். நான் போய்க் கூப்பிட வேண்டாம். இத்தனை வீடு தாண்டி வந்தவளுக்கு இந்த ஒரு சாண் என்ன. கையை இறக்கிக்கொண்டாள்.

அந்த ஓய்வு கலைந்ததும் உச்சிமாகாளி வந்தார். உலகம்மாளின் புருஷன், சைக்கிள் கடை மசி நகக்கண்ணில் ஏறிய மனிதர். அவருக்குப் பின்னால் வேளாரும், வேளாருக்குப் பின்னால் பாதித் தெருவும் நின்றது.

"மைனி, உங்க செவுத்துல எழுதணும்ங்காரு வேளாரு. நீங்க சரின்னு சொல்லணும்."

"அவ சொல்லிவிட்டாளாய்யா?"

"அவ என்னத்தச் சொல்லுதா? எரியுது, எரியுதுங்கா. ராத்திரி பகலு தூக்கம் கெடையாது." அவர் வேளாரைத் திரும்பிப் பார்த்தார். "தலையும் வாலும் தொட்டுட்டா ஆளு தங்காதாம் மைனி."

வேளார் சுவரைத் தட்டிக் காட்டினார். "இதான் தாயி கடைசி எடம். இத விட்டா முடுக்கு. முடுக்குல திரும்பி அவிய வீட்டுப் பொறவாசலத் தொட்டுச்சின்னா, எங்கப்பன் எந்திரிச்சு வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

"இது திரும்பத்தான் வந்திருக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன? அக்கின்னா சுத்தத்தான் செய்யும். விருந்தாடியாவா வருது?"

தெரு சிரித்தது. பயத்தில் இருந்தவர்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்ததில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். உச்சிமாகாளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆமாம், விருந்தாடியாகத்தான் வருகிறது, என் வீட்டுக்குத்தான் வருகிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல முப்பிடாதிக்கு வாய் வரவில்லை. வர வேண்டுமென்றிருந்தால் எழுதினாலும் வருவாள் என்று நினைத்தாளோ, எழுதுவதற்குள் அந்த ஒரு சாணைத் தாண்டிவிடுவாள் என்று நினைத்தாளோ, பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கே தெரியவில்லை. நுனியை ஒரு தடவை பார்த்தாள். அது அங்கேயேதான் நின்றது.

"எழுதுங்க" என்றாள்.

வேளார் எழுதினார். வெள்ளைச் சுவரில் தலை முதல் கால் வரை ஆளுயரத்துக்குச் செங்காவிச் சிங்கம். பிடரி எழுதி, நகம் எழுதி, கடைசியாக அதன் கண்ணை எழுதித் திறந்தார்.

"இது என்ன வேளாரே, பூனையா?" என்றாள் கோமு.

"உனக்குப் பூனைதான். அக்கிக்குத் தெரியும் சிங்கம்னு."

அக்கிக்குத் தெரிந்தது. நுனியில் இருந்த கொப்புளம் முதலில் மங்கியது. பிறகு, சுட்ட விரலை இழுத்துக்கொள்வதுபோல, கொடி நீலச் சுவரில் ஒரு முழம் பின்வாங்கிற்று. தெரு குலவை போட்டது. செல்லக்கனி தெற்குவரிசையிலிருந்து பானக்காரம் கரைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு வரிசையும் ஒன்றாக நின்று குடித்தது. உச்சிமாகாளி வேளாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லாருடைய முகமும் சிங்கத்தின் பக்கம் இருந்தது. திறந்து கிடந்த கோமு வீட்டுக் கதவை யாரும் பார்க்கவில்லை. பின்வாங்கிய கொடி அந்த நிலைக்குள் நுழைந்து, சமையல்கட்டுச் சுவரில் ஊர்ந்து, புகைபோக்கியின் ஓரமாக இறங்கி, முடுக்குக்குள் போயிற்று. போகிற வழியில் அது இதுவரை போகாத வேகத்தில் போயிற்று. வருகிறபோது வீட்டுக்கு வீடு நின்று மொட்டுவிட்டு வந்தது, திரும்புகிறபோது எங்கும் நிற்கவில்லை. பின்சுவர்களில் பிற்பாடு பார்த்தபோது ஒரு கொப்புளம்கூட இல்லை, வெறும் சிவப்புக் கோடுதான் இருந்தது.

வெயில் தாழ்ந்து, பெண்கள் மறுபடி சொளகை எடுத்துக்கொண்டு அவரவர் வாசலில் சுவரில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில், சாய்ந்த முதுகுகளுக்குக் கீழே சுவர் குளிர்ந்தது. மேற்கேயிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீடாக, கிழக்கே வந்தது அந்தக் குளிர். ஒருவருக்கும் ஆள்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடக்குவரிசைப் பெண்கள் எல்லாரும் கையில் இருந்த பீடியைச் சுற்றி முடிக்காமல் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். முப்பிடாதியின் சுவருக்கு மட்டும் அந்தக் குளிர் வரவில்லை. அங்கே எந்நாளும் சூடு வந்ததில்லை. எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

முப்பிடாதி மேற்குக்கோடி வரைக்கும் நடந்தாள். அவ்வளவு வருஷத்தில் அந்த வாசல்படியை அவள் மிதித்தது அன்றைக்குத்தான். உலகம்மாள் புறவாசல் சுவரில் சாய்ந்த வாக்கில் இருந்தாள். காற்றுக்காக அங்கே போய் உட்கார்ந்திருப்பாள் என்றார்கள். முடுக்கிலிருந்து சுவரைத் துளைத்து வந்த நுனி அவள் வலது விலாவைத் தொட்டிருந்தது. முகத்தில் வலி இல்லை. யாரோ கூப்பிட்டது சரியாகக் கேட்காமல் திரும்பியதுபோல் இருந்தது. முப்பிடாதி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சாவு வீட்டிலும் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பதால், எடுத்த பிறகு சொல்லாமல் எழுந்து வந்தாள்.

வேளார் எழுதியதில் குற்றமில்லை என்றுதான் தெரு முடிவு செய்தது. முடுக்கிலும் ஒரு சிங்கம் எழுதியிருக்க வேண்டும், அதை யாரும் யோசிக்கவில்லை, விதி. கொடி காய்ந்தது. கொப்புளங்கள் கறுத்துப் பொருக்காகி, காற்றடித்தால் வாசலில் உளுந்து உமிபோல உதிர்ந்தன, பெருக்கித் தள்ளினார்கள். வேப்பிலைகளை எடுத்தார்கள். ஒருநாள் காலையில் ஒரு வீட்டில் கடுகு வெடித்தது, அதைக் கேட்டு அடுத்த வீட்டில். தெற்குவரிசைக்கும் வடக்குவரிசைக்கும் வேறு சண்டைகள் வந்தன. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சிவப்புக் கோடுகள் சுண்ணாம்புக்கு அடியில் போயின. மழை நாளில் மட்டும், நனைந்த சட்டைக்குள் நரம்பு தெரிவதுபோல, மங்கலாகத் தெரியும். முப்பிடாதி தன் வீட்டுக்கு வெள்ளையடிக்க விடவில்லை. சிங்கத்துக்கு மரியாதை செய்கிறாள் என்று சொன்னார்கள்.

அவள் அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டினாள். ஒரு சொல்தானே கேட்டார்கள் என்று நினைப்பாள். எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையை வைத்திருக்கலாம். உலகம்மாளிடமிருந்து வந்து தன் விரலைத் தின்ற அதே அம்மை, தனக்குள்ளும் எங்கோ நரம்போரமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அது முழித்தால் எந்தப் பக்கமாகப் போகும், போய்ச் சேர அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைப்பாள்.

கோடைக்கு முந்திய ஒரு காலையில் கோமு, சுவரில் சாய்ந்து பீடி சுற்றிக்கொண்டு, வழக்கம்போல எதையெதையோ பேசிக்கொண்டிருந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "உலகம்மக்கா கடைசியா ஒண்ணு கேட்டா பாத்துக்கோ. வேளாரு உன் செவுத்துல எழுதுன அன்னைக்கு மத்தியானம். 'முப்பிடாதியக்கா வீட்டுக் கதவு தொறந்திருக்கான்னு பாத்துட்டு வாயேன்'னா. நான் வந்தேன், இங்க பாத்தா ஒரே கூட்டம், அப்படியே மறந்துட்டேன். எதுக்குக் கேட்டாளோ, பாவம்."

"தொறந்துதான் இருந்துச்சு" என்றாள் முப்பிடாதி.

"அதத்தான் நானும் சொல்லுதேன். நீ என்னைக்குக் கதவ அடைச்ச?" கோமு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கடைக்காரரு இந்த வாரம் இலையே சரியில்லங்காரு..."

முப்பிடாதி எழுந்து உள்ளே போனாள். பரணிலிருந்து அண்டாவை இறக்கித் துலக்கினாள். குடத்தில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றி, வேப்பிலையை உருவிப் போட்டு, மஞ்சளைத் தட்டிப் போட்டு, வாசலில் வெயில் நன்றாக விழுகிற இடத்தில் வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து இலையை வெட்டினாள். கோமு செல்லக்கனியின் மருமகளைப் பற்றிப் பேசினாள். தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசினாள். தன் புருஷனின் குறட்டையைப் பற்றிப் பேசினாள். வெயில் ஏறியது. முப்பிடாதி இரண்டு தடவை எழுந்து விரலைவிட்டுப் பார்த்தாள்.

தண்ணீர் சுட்டதும், செம்பில் முகந்து, அன்றைக்குக் கொடியின் நுனி வந்து நின்ற, நீலமும் வெள்ளையும் சேருகிற இடத்தில், மேலிருந்து கீழாக, தலைக்கு ஊற்றுவதுபோல மெதுவாக ஊற்றினாள். இடது கையால் சுவரைத் தேய்த்துவிட்டாள். காவி கரைந்து சிங்கத்தின் முன்னங்காலிலிருந்து வழிந்தது. மறுபடி முகந்து ஊற்றினாள். அண்டா காலியாகும் வரை ஊற்றினாள். தண்ணீர் சுவரோரமாகக் கோமுவின் பக்கம் ஓடி வர, கோமு, இலை நனையாமல் சொளகைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.